பட்டியலைப் பூட்டியவர்

காலை பத்து மணிக்குத் தேர்வு முடிவு வெளியானது. பத்தே காலுக்கெல்லாம் கல்லூரியின் வலைத்தளம் மூச்சுத் திணறிப் படுத்துவிட்டது.

அந்த சர்வரைக் கவனிக்கும் கோகிலவாணி, விடுப்பில் கொல்லிமலைக்கு வந்த இடத்தில், செம்மேட்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதன் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், அதே கல்லூரியில் படிக்கும் தம்பி பூபதி. அவள் காதில் செல், செல்லில் கல்லூரி முதல்வர்.

“என்னம்மா ஆச்சு? ரெண்டாயிரம் பிள்ளைங்க காத்திருக்காங்க.”

“மார்க் லிஸ்ட்டை யாரோ பூட்டி வச்சிருக்காங்க சார். அந்த ஆளு விட்டாத்தான் மத்தவங்களுக்கு வழி. அதான் எல்லாரும் வரிசையில நிக்கிறாங்க.”

“வேணும்னே பண்றானா? ஆளைக் கண்டுபிடிம்மா. இன்னிக்கே போலீசுக்குப் போறேன்.”

கோகிலவாணி திரையில் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் அகப்பட்டது. பூட்டு விழுந்தது நேற்று மாலை ஐந்தே முக்காலுக்கு. பூட்டியவர் பெயரைப் பார்த்ததும் அவள் கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

“பேரைச் சொல்லும்மா.”

“தெரியலீங்க சார். சிக்னல் சரியில்லீங்க.”

பூபதி திரையை எட்டிப் பார்த்தான்.

“அக்கா, உன்ற பேருதான் இருக்குது. நேத்து எனக்கு மூணு மார்க் ஏத்தறப்ப பாதியில லைன் போச்சே, அப்பப் பூட்டுனது இன்னும் திறக்கலையாக்கும்?”

செல்லில் முதல்வர் மெதுவாகக் கேட்டார்.

“பக்கத்துல யாரும்மா, பூபதியா?”