ஆறாம் கட்டிலில் நான்

செல்போனுக்கு சார்ஜ் போடத்தான் கட்டில் மாறிப் படுத்தேன்.

என்னுடையது ஐந்தாம் கட்டில்; அதன் பக்கத்துப் பிளக்கில் உயிர் இல்லை. ஆறாம் கட்டில்காரரோ ஜன்னலோரம் வெயில் அடிக்கிறது என்று அலுத்துக்கொண்டிருந்தார். இரண்டு ராஜதந்திரிகளைப் போலக் கைகுலுக்கி இடம் மாற்றிக்கொண்டோம்.

யாரிடமும் சொல்லவில்லை.

காலை எட்டு மணி. பதினொன்றுக்கு எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். முந்தின நாளிலிருந்து வெறும் வயிறு.

நர்ஸ் ஊசியோடு வந்தார். ஆறாம் கட்டில்காரரின் பெயரைச் சொல்லி, நீங்கள்தானே என்று கேட்டாராம். என் காதில் இயர்போன். தலையாட்டினேன். கல்யாணமாகி இருபது வருஷம். யார் எதைக் கேட்டாலும் தலை தானாக ஆடும்.

சட்டைக் கையையும் நானே சுருட்டிக் கொடுத்தேன்.

அவர் கையிலிருந்த மெஷினை என் மணிக்கட்டுப் பட்டையில் காட்டினார். நேற்று பெயரும் பார்கோடும் அச்சடித்த அந்தப் பட்டையைக் கட்டியபோது, கடையில் விற்கிற சோப்பு மாதிரி ஆக்கிவிட்டீர்களே என்று கேலி செய்திருந்தேன். மற்ற நர்ஸுகளுக்கே அந்த மெஷின் மேல் பிரியமில்லை. வேலை இழுக்கிறது என்பார்கள். இவர் மட்டும் கைக்குழந்தையைப் போலத் துடைத்துத் துடைத்து வைப்பார். அதையும் விடாமல் கேலி செய்திருந்தேன்.

மெஷின் கத்தியது. சிவப்பு விளக்கு: ஆள் வேறு.

ஊசி இரண்டு விரற்கடை தூரத்தில் நின்றது.

இன்சுலின். சாப்பிடப்போகிற சர்க்கரைக்காரருக்கு அது மருந்து. சர்க்கரையும் இல்லாமல் சாப்பாடும் இல்லாமல் கிடந்த எனக்கு, நினைவு தப்ப அது போதுமாம்.

மெஷின் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரைக் கேட்டேன். தோளில் தட்டிச் சிரித்தார். வார்டு மேலாளர் விதிமுறைகளை ஒப்பித்தார். மனைவி சார்ஜரைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

பத்தரைக்கு என்னை ஆபரேஷனுக்கு அழைத்துப்போக அதே நர்ஸ் வந்தார்.

"சிஸ்டர், அது கத்தலைன்னா போட்டிருப்பீங்களா?"

என் பட்டையில் மறுபடியும் மெஷினைக் காட்டினார். பச்சை எரிந்தது. அதுவரை என்னை சார் என்றவர், இப்போது அண்ணா என்றார்.

"போட்டிருப்பேன் அண்ணா. நாலு வருஷம் முன்னாடி ஒருத்தருக்கு அப்படிப் போட்டுட்டேன். ரெண்டு நாள் கழிச்சுதான் கண்ணு முழிச்சார். தப்பு என்னோடதுன்னு நானே எழுதிக் கொடுத்தேன். அதுக்கப்புறம்தான் இந்த மெஷினை வாங்கினாங்க."