குடும்பத்துக்கு மட்டும்

“கல்யாணமாகி எவ்வளவு நாளாச்சு?” என்று கேட்டார் வீட்டுக்காரர்.

“ஆறு மாசம்” என்றாள் அவள். “ரெண்டு வருஷம்” என்றான் அவன், அதே மூச்சில்.

வீட்டுக்காரரின் புருவம் ஏறியது. “என்கூட ஆறு மாசம் இருந்ததே அவருக்கு ரெண்டு வருஷமாத் தெரியுது சார்” என்று சமாளித்தாள் அவள். வீட்டுக்காரம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

தெருமுனையில் வைத்துத்தான் இருவரும் புருஷன் பெண்டாட்டி ஆகியிருந்தார்கள். துணிக்கடையில் அவள் பில் போடுகிறவள். அவன் அதே கடையின் கிடங்கில் மூட்டை பிரிக்கிறவன். தனியாக அறை எடுத்தால் சம்பளம் மொத்தமும் வாடகைக்கே சரி. பாதிப் பாதி போட்டால் இந்த மாடி போர்ஷன் கட்டுப்படியாகும். ஆனால் வாசல் பலகை ‘குடும்பத்துக்கு மட்டும்’ என்றது.

இதுவும் கைநழுவினால், “தனியா இருந்து காட்டுறேன்” என்று அம்மாவிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவள், அதே அம்மாவிடம் பெட்டியோடு திரும்ப வேண்டியதுதான்.

“தம்பி, உங்க சம்சாரத்துக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு எது?”

அவன் திருதிருவென விழித்தான். பிறகு பளிச்சென்று, “என் டிபன் பாக்ஸ்ல எது இருந்தாலும் சார்!” என்றான். அன்றைக்கு அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

“அப்போ குடும்பம்தான்” என்று வீட்டுக்காரர் முதல்முறையாகத் தலையாட்டினார். “கல்யாணமாகாத பசங்களை நான் வாசப்படியே மிதிக்க விடுறதில்ல!”

தண்ணீர் கொடுக்க வீட்டுக்காரம்மா அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போனார். ஃபிரிட்ஜுக்குள் நட்டநடுவே சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. “அந்தப் பக்கம் எடுத்துடாதம்மா, அது அவரோட பாட்டில்.” வயதான காலத்திலும் என்ன சண்டையோ என்று நினைத்துக்கொண்டாள்.

“அந்தப் பையன் உன் புருஷன் இல்லதானே?”

குடித்த தண்ணீர் புரையேறியது. “ஆன்ட்டி, ப்ளீஸ்... சார்கிட்ட சொல்லிடாதீங்க. ரூம்ல நான், ஹால்ல அவன். வாடகை கட்ட வேற வழியே தெரியல.”

“எனக்குத் தெரியாதா கண்ணு? உங்க வயசுல நானும் அவரும் இதே மாடிக்குக் குடிவந்தவங்கதான். அப்புறம்தான் ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டையே வாங்கினோம்.”

“அப்புறம் ஏன் ஆன்ட்டி, சார் இவ்வளவு கறாரா இருக்காரு?”

“அக்கம்பக்கத்துல யாருக்கும் சந்தேகம் வந்துடக் கூடாதுல்ல!”

“என்ன சந்தேகம்?”

வீட்டுக்காரம்மா கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

“எங்களுக்கே இன்னும் கல்யாணம் ஆகலம்மா!”