பழைய வெர்ஷனைப் போட்டது யார்?

"யார் போட்டது? இந்தப் பழைய வெர்ஷனை யார் போட்டது?"

டீம் லீடர் கத்திய கத்தலில், தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த டிசைனர் டம்ளர் நிரம்பி வழிவதைக்கூட கவனிக்கவில்லை.

மூன்று மணிக்கு டெமோ. பஸ் நிலையத்தில் எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று வாய் திறந்து சொல்கிற புரோகிராம். எல்லோர் மெஷினிலும் கிளி மாதிரி பேசியது. டெமோ மெஷினில் மட்டும் தூக்கத்தில் உளறுவதுபோல் இழுத்தது.

"ஐ...ந்...தா...ம்... ந...டை...மே..."

"இது சொல்லி முடிக்கிறதுக்குள்ள பஸ் வந்து, ஆளை ஏத்திக்கிட்டு, கிளம்பியே போயிடும்" என்றார் டெஸ்டர்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தவர்தான் போட்டார் என்று ஆகிவிடும்.

விஷயம் இதுதான். புரோகிராமுக்குக் குரல் கொடுக்கும் 'லைப்ரரி' என்ற துணை மென்பொருளில் பழசு, புதுசு என்று இரண்டு வெர்ஷன் உண்டு. புரோகிராம் எழுதியது புதுசுக்கு. பழசில் ஓட்டினால் இப்படித்தான் இழுக்கும்.

ஆனால் மெஷினைக் கேட்டால், 'புதுசுதான் இருக்கிறது' என்று சத்தியம் செய்தது.

லீடர் கடுப்பாகி, இருந்ததையும் நீக்கினார். 'நீக்கியாச்சு' என்றது மெஷின். ஓட்டிப் பார்த்தார்.

"ஐ...ந்...தா...ம்..."

"அடப்பாவி! லைப்ரரியே இல்லாம எப்படிடா பேசறே?"

புதுசைத் திரும்பப் போட்டார். அது மறுபடி இழுத்தது. எங்கோ ஒரு மூலையில் பழசு ஒளிந்துகொண்டிருக்கிறது, மெஷின் முதலில் அதைத்தான் கையில் எடுக்கிறது என்பது அங்கே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அந்த மூலையைத் தேடியிருந்தால் பத்து நிமிட வேலை.

லீடர் ஆளைத் தேடினார்.

அவருக்கு ஆபீஸில் 'சட்டம்' என்று பெயர். பொது மெஷினில் யாரும் எதையும் கேட்காமல் போடக்கூடாது என்று சுவரில் ஒட்டி வைத்தவர் அவர்தான். டெமோ மெஷினின் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"டிசைனர், நீங்களா?"

"எனக்கு அந்த மெஷினை ஆன் பண்ணவே தெரியாது சார்."

"டெஸ்டர்?"

"நான் குறை மட்டும்தான் சொல்வேன் சார். எதையும் போடறதில்லை."

"சார், நான் கொஞ்சம் பார்க்கட்டுமா?" என்றார் புது அக்கா. பிள்ளைகள் வளர்ந்தபிறகு திரும்ப வேலைக்கு வந்தவர். சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அவரை நிரந்தரம் செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்ற படிவம் லீடர் மேஜையில்தான் கிடந்தது. ஐந்து மணிக்குள் மேனேஜரிடம் போயாக வேண்டும்.

"முதல்ல யாருன்னு தெரியட்டும்!"

மணி இரண்டேகால். இரண்டரை. விசாரணை வாட்ச்மேன் வரைக்கும் போய்விட்டது. பாவம், அவர் பயத்தில் கேட் சாவியை எடுத்து நீட்டினார்.

இரண்டு நாற்பதுக்குப் புது அக்கா எழுந்து நின்றார்.

"நான்தான் சார் போட்டேன். மன்னிச்சிடுங்க."

லீடர் முகத்தில் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது. கீபோர்டை மேஜையில் போட்டார். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார். அதுவும் போதாமல், கையோடு மேனேஜரிடம் சொல்ல மாடிக்கு ஓடினார்.

மேனேஜரோடு அவர் திரும்பி வந்தபோது டெமோ மெஷின் கணீரென்று பேசிக்கொண்டிருந்தது. "ஐந்தாம் நடைமேடையில் பேருந்து தயாராக உள்ளது."

டெமோ ஜோராக நடந்தது. வந்தவர்கள் கைதட்டினார்கள். அதில் ஒருவர், பஸ்ஸே இல்லாத அந்த ஐந்தாம் நடைமேடையை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு ரசித்தார்.

லீடருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. தப்பைச் செய்துவிட்டுச் சரி செய்தால் தப்பு இல்லை என்று ஆகிவிடுமா? படிவத்தை எடுத்து, 'பொறுப்பு போதாது' என்று எழுதினார். ஆதாரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று டெமோ மெஷினில் உட்கார்ந்தார்.

பழைய வெர்ஷனைப் புது அக்கா அழிக்காமல் ஓரமாக நகர்த்தி வைத்திருந்தார். யாரோ கையால் காப்பி செய்து போட்ட ஃபோல்டர். உள்ளே ஒரு சின்னக் குறிப்பும் இருந்தது.

'அவசரத்துக்கு வெச்சிருக்கேன். டெம்பரரி. நாளைக்கு எடுத்துடறேன்.'

கீழே தேதி. பதினான்கு மாதத்துக்கு முந்தையது. அதற்கும் கீழே லீடருடைய சொந்தப் பெயர்.

லீடருக்கு வெட்கமாக இருந்தது. படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்து, 'நிரந்தரம் செய்யலாம்' என்று எழுதி மாடிக்குக் கொடுத்தனுப்பினார். பிறகு மெதுவாகப் புது அக்காவின் மேஜைக்குப் போனார்.

"அந்தக் குறிப்பைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

"நான்தான்னு தெரிஞ்சுதான் பழியை ஏத்துக்கிட்டீங்களா?"

"ஐயோ, இல்லை சார். அப்போ யாருன்னு எனக்குச் சத்தியமா தெரியாது."

"பின்னே ஏன் நீங்கதான்னு சொன்னீங்க?"

"டெமோவுக்கு இருபது நிமிஷம்தான் இருந்துச்சு சார். திட்டறதுக்கு ஒரு ஆள் கிடைச்சாத்தான் நீங்க கீபோர்டை விடுவீங்கன்னு தோணுச்சு."