நோயாளிக்கே தோன்ற வேண்டும்

பசைச் சட்டி கவிழ்ந்தது என் முழங்கை பட்டுத்தான். மைதாப் பசை வழிந்தோடித் தாள்களையெல்லாம் ஒன்றாக ஒட்டி, கடைசியில் என் வேட்டியையும் பாயோடு சேர்த்துக்கொண்டது. நான் எழுந்தேன், பாயும் கூடவே எழுந்தது.

பெண்கள் வார்டே சிரித்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த வள்ளித்தாய் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மெல்லத் திரும்பி, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாவம்" என்றாள்.

எனக்குப் பசை போனதே தெரியவில்லை. நான் அங்கே வந்த நாளிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது!

அது அறுபத்து நாலாம் வருஷம். வேலை கொடுத்தும் விளையாட வைத்துமே உடம்பைத் தேற்றும் வைத்தியம் ஒன்றை பம்பாயில் படித்துக்கொண்டிருந்தேன். ஆனர்ஸ் வேண்டுமென்றால் ஒரு நோயாளியைத் தேற்றி ஆய்வேடு எழுத வேண்டும். அதற்காக விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். டாக்டர் வீரலட்சுமி எனக்கு வழிகாட்டி.

விதிகள் கறாரானவை. நோயாளியை எதையும் செய்யச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. செய்யும் ஆசை நோயாளிக்கே தோன்ற வேண்டும். அது எதனால் தோன்றியது என்பதைக் கடைசி அத்தியாயத்தில் நோயாளியின் வாய்மொழியாகவே எழுத வேண்டும். இல்லாவிட்டால் வெறும் பாஸ்தான்.

வள்ளித்தாய் அக்கா விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் பட்டாசுக்குக் காகிதக் கூடு சுருட்டியவள். தீப்பட்ட வலது கை ஆறிவிட்டது, விரல்கள் விறைத்துவிட்டன. அசைக்காமல் விட்டால் அப்படியே நின்றுவிடும் என்று நான் வருமுன்பே டாக்டரம்மா சொன்னதற்கு, "நின்னுட்டுப் போகட்டும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டவள்.

முதலில் நான் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, ரப்பர் பந்தும் களிமண்ணுமாகப் போய் நின்றேன். அக்கா போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள். டாக்டரம்மாவிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன்.

"முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டு. வார்டுல பாய் விரிச்சு உக்காந்து, நீயே கூடு சுருட்டு. அவகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்" என்றார்.

அப்படி உட்கார்ந்த அன்றுதான் பசை கவிழ்ந்தது.

மறுநாள் அக்கா கட்டிலை விட்டு இறங்கி, பாயின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏ தம்பி, இம்புட்டுப் பசையா? கூடு சுருட்டுதீகளா, செவரு பூசுதீகளா?"

"எப்படிக்கா சுருட்டணும்?"

"கம்பிய இங்கன வைங்க. தாள இளுத்துப் பிடிங்க. உருட்டுங்க... ஐயோ, அது கூடா? கடலை மடிச்ச பொட்டலம்!"

இடது கையால் காட்டிக்கொண்டிருந்தவளுக்குப் பொறுக்கவில்லை. முந்தானைக்குள் இருந்த வலது கை வெளியே வந்து, என் கைமேல் விழுந்து, அழுத்தி உருட்டியது. 'ஆசை தோன்றிவிட்டது!' என்று அன்று பக்கம் பக்கமாக எழுதினேன்.

அதன்பிறகு அவளே எனக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். "சாப்பிட்டீகளா தம்பி? ராத்திரி நல்லா ஒறங்குனீகளா? ஒங்க வீட்டாளுக யாரும் பாக்க வரலையா?" என்று தினமும் விசாரிப்பாள். 'பிறர்மேல் அக்கறை வளர்கிறது' என்று குறித்துக்கொண்டேன்.

என் ஆய்வைப் பற்றி விளக்கினால், "ஆமாமா, எளுதுங்க, நல்லா எளுதுங்க" என்று தலையாட்டுவாள். பக்கத்துக் கட்டில் ராமுத்தாய் களுக்கென்று சிரித்தால், "ஏ, சும்மா கெட! புள்ள மனசு நோகப்போகுது" என்று அதட்டுவாள்.

ஒருநாள் தப்பித் தவறி ஒரு கூடு எனக்கு நேராக வந்துவிட்டது. அக்கா அதை வலது கையால் தூக்கிப் பிடித்து, "பாத்தீகளா! தம்பி நேராச் சுருட்டிருச்சு!" என்று கத்தினாள். வார்டே கை தட்டியது. அவள் விரல்கள் மடங்கிய அழகுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நானும் எழுந்து நின்று தட்டினேன்.

சீக்கிரமே அக்கா தானே கம்பி பிடித்தாள், தானே கூட்டின் முனையை மடக்கிக் கொண்டை போட்டாள். நான் ஒன்று சுருட்டுவதற்குள் அவள் ஒரு குவியல் சுருட்டினாள். மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

பாக்கி இருந்தது கடைசி அத்தியாயம். பந்தா, களிமண்ணா, என் பொறுமையா, எது அவளை எழுப்பியது? பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "அக்கா, கையே வேண்டாம்னு கெடந்தவுக, எதுக்கு எந்திரிச்சு வந்தீக?" என்று கேட்டேன்.

"அது எதுக்குத் தம்பி இப்ப? நேரத்துக்குச் சாப்பிட்டு ஒடம்பப் பாத்துக்கோங்க."

"சொல்லுங்கக்கா."

"ஒங்க தெறமைதான்னு எளுதிக்கோங்க. போதும்ல?"

"நீங்க உள்ளதைச் சொன்னாத்தான் எளுத முடியும். இல்லன்னா எனக்கு ஆனர்ஸ் போச்சுக்கா" என்றேன்.

அக்கா ராமுத்தாயைப் பார்த்தாள். ராமுத்தாய் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா என் தோளை ஆதரவாகத் தட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"'டாக்டருக்குப் படிக்கிறதா நெனச்சுக்கிட்டு ஒரு புள்ள கோட்டு போட்டுத் திரியுது வள்ளி, நீதான் ஒரு கைத்தொழில் பழக்கிக் கொணமாக்கணும்'னு டாக்டரம்மா எங்கிட்ட கேட்டுக்கிட்டாக தம்பி."