மீன் பாடிய மாலைகள்

“ஜீப்புட திறப்பு உங்கட கையிலதானே இருக்கு, தங்கச்சி? எஞ்சின் ஓடல்லதானே? இப்ப பின்சீட்டில காத வச்சுக் கேளுங்க.”

காத்தான்குடியில் தன் கராஜில் நின்ற ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டு ஹில்மி விலகி நின்றார். அஜந்தா குனிந்து காதை வைத்தாள்.

ம்ம்ம்... என்று மெல்லிய, அறுபடாத ஒரு ரீங்காரம்.

அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“இது என்ன, ஹில்மி நானா?”

“பெற்றோல் பம்ப். எஞ்சின் நிண்டா இதுவும் நிக்கணும். நிக்குதில்ல. அதக் கட்டுப்படுத்துற மொடியூல் பழுதாப் போயிட்டு. ராவெல்லாம் சும்மா ஓடி ஓடி பற்றரிய உறிஞ்சிப்போடும். பிறகு காலையில எப்பிடி ஸ்டார்ட் ஆகும்?”

அவர் பின்சக்கரத்துக்கு மேலே கையை விட்டு ஒரு வயரைப் பிடுங்கினார். ரீங்காரம் சட்டென்று நின்றது. உள்ளங்கையளவு பெட்டி ஒன்றைக் கழற்றி வெளியே எடுத்தார். அதன் முனைகளெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன.

“உப்புக்காத்து திண்டிருக்கு. வாவிக்கரையில நிப்பாட்டுறயளா?”

அஜந்தா அந்தப் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

போன வருஷம் மோட்டார் சைக்கிளில் விழுந்ததில் அவள் கணவன் யதுர்ஷனின் பார்வை போனது. கட்டாரில் உழைத்து ஆசையாக வாங்கிய ஜீப்பை அதன்பிறகு அவன் தொடவே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். கேட்டால் ‘ஓம்’, ‘இல்ல’ அவ்வளவுதான்.

ஒருநாள் பின்னேரம் அவனை வற்புறுத்தி ஏற்றிக்கொண்டு கல்லடியில் உப்புநீர் வாவியோரம் போய் ஜீப்பை நிறுத்தினாள். திடீரென்று அவன் அவளுடைய கையைப் பிடித்தான்.

“அஜந்தா, மீன் பாடுது. கேக்குதா?”

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கேட்டது! எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல, தூக்கத்தில் யாரோ முனகுவதுபோல. இந்த வாவியில் மீன்கள் பாடும் என்று சின்ன வயதிலிருந்து கதையாக மட்டுமே கேட்டிருந்தாள். அவள் தன்னை மறந்து கலகலவென்று சிரித்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் அங்கேதான். அவன் முகம் மழித்தான், வயிறாரச் சாப்பிட்டான், கதை சொன்னான். “இப்ப தண்ணி செம்பு நிறத்தில கிடக்கும், பாரன்” என்பான். பார்த்தால் அப்படியே கிடக்கும். தோணிகள் ஆகாயத்தில் மிதப்பதுபோலத் தெரியும். வாவி பாடிக்கொண்டே இருக்கும்.

பாடியது வாவி இல்லை. பம்ப்.

“நானா, இத மாத்தாம விட ஏலாதா?”

ஹில்மி அவளை விசித்திரமாகப் பார்த்தார். “நீங்கதானே போன கிழமை கண் கிளினிக்குக்குப் போக ஏலாமப் போயிட்டு எண்டு வந்த நீங்க? இப்பிடியே விட்டா ஒருநாள் நடுறோட்டில கிடக்க வேண்டி வரும், தங்கச்சி.”

நாளைக்கும் கிளினிக் இருந்தது. இடது கண்ணில் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது, ஒருமுறையும் தவறவிடக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

“மாத்துங்க” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

புதிய மொடியூல் ஏறியது. எஞ்சின் ஒரே சுழற்சியில் பிடித்தது. நிறுத்தியதும் ஜீப் கல்லைப் போல அமைதியானது.

மாலையில் தலையிடி என்று சொல்லித் தப்பிக்க நினைத்தாள். ஆனால் யதுர்ஷன் உடுப்பு மாற்றி, தலை சீவி, கேற்றைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றான். மறுக்க மனம் வரவில்லை.

வாவி அன்றைக்கு வழமையைவிட அழகாக இருந்தது. வானம் எது, தண்ணீர் எது என்று பிரித்தறிய முடியவில்லை. ஒரு கொக்கு தன் நிழலின் மேலேயே இறங்கியது. அவள் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள்.

நிசப்தம்.

யதுர்ஷன் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தான். அவன் முகத்தில் இருந்த அந்த எதிர்பார்ப்பை அவளால் பார்க்க முடியவில்லை. இந்த முகம் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுமா?

அவள் உதடுகளை இறுக மூடிக்கொண்டு, மற்றப் பக்கம் திரும்பி, தொண்டைக்குள்ளே மெதுவாகத் தொடங்கினாள்.

ம்ம்ம்ம்...

கண்ணீர் வழிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. மூச்சு முடிந்ததும் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு மறுபடியும் பாடினாள்.

“போதும், மூச்சு முட்டப்போகுது” என்றான் யதுர்ஷன். “ஹில்மி நானா மொடியூல மாத்திட்டார் போல.”

அஜந்தா பாடுவதை நிறுத்தி அவன் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்கு... எப்ப தெரியும்?”

“முதல் நாளே தெரியும். என்ட ஜீப்புட சத்தம் எனக்குத் தெரியாதா? பம்ப் நிக்காம ஓடுது எண்டு சொல்லத்தான் அண்டைக்கு வாயத் திறந்த நான். பக்கத்தில நீ மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுது. அதால மீன் பாடுது எண்டு சொல்லிப் பாத்தன். நீ சிரிச்சாய்.”

அவன் கை இருட்டில் துழாவி அவளுடைய நனைந்த கன்னத்தைத் தொட்டது.

“கண் போன பிறகு உன்ட சிரிப்ப நான் கேட்டது அண்டைக்குத்தான், அஜந்தா. அதக் கேக்கத்தான் ஒவ்வொரு நாளும் வந்தன்.”