கடைசிச் சிவப்பு

ஆள், சாமான், வழி எல்லாவற்றையும் சரிபார்க்கும் பயணத் திரை பச்சை காட்டாமல் இப்போது எந்தக் காரும் நகராது. தனுஷ்கோடிக்குப் போக ஒரு வாரமாக அதோடு மல்லுக்கட்டுகிறேன். வழியில் என் சக்கர நாற்காலி நுழைகிற கழிப்பறை ஒன்றுகூட இல்லையாம். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். என்ன கிழித்தேன்?

என் நான்கு வயது மகள் ஜெர்லினுக்குக் கடல் பார்க்க வேண்டும். சாமான் கூடினாலும் திரை சிவக்கும் என்பதால், அவளுக்கு விளையாட்டாக நானே சொல்லிக்கொடுத்தேன்: "சிவப்பா மின்னுறதைத் தொட்டுத் தூக்கிரு பாப்பா." கூடாரத்தைத் தூக்கினாள், சைக்கிளைத் தூக்கினாள். நான் தோசை ஊற்றப் போனேன்.

"அம்மா, பச்சை வந்துருச்சு!"

"பொய் சொல்லாதடி."

நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பார்த்தேன். கடற்கரை, விடுதி, படகு எல்லாமே பச்சை. மேலே பயணிகள் வரிசையில் அவள் அப்பா முகமும் அவள் முகமும் மட்டும் இருந்தன.

"எதைடி தூக்குன?"

"உன்னையத்தான்மா. நீ மட்டுந்தான் சிவப்பா இருந்த."

பக்கத்தில் நின்ற என் கணவர் அருளப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைத் திரும்பச் சேருங்க" என்றேன்.

"புள்ள ஆசைப்படுதுல்ல…" என்று இழுத்தார்.

வாசலில் கார் தானாகக் கதவைத் திறந்தது. அதை மூட அவர் போகவில்லை.