கொழும்புப் பயிற்சி

சங்கக் கூட்டத்தில், கொழும்பில் நடக்கவிருந்த கொம்பியூட்டர் பயிற்சிக்குச் சீலாவின் பெயரை வாசித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள், மனோன்மணியைத் தவிர.

யாழ்ப்பாணத்து நூலகங்களுக்குள் கொம்பியூட்டரைக் கொண்டுவர வேண்டும் என்று நூலகர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. கரண்டே ஒழுங்காக வராத ஊரில் இதென்ன விசர்வேலை என்று எண்பத்தொன்பதில் பலர் சிரித்தார்கள்.

மனோன்மணி சிரிக்கவில்லை. கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூட நூலகர் அவள். நெல்லியடி வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போய் சங்கத்துக்கு ஆள் சேர்த்தாள். சுற்றறிக்கைகளுக்கு ஸ்டென்சில் வெட்டியதும் அவள்தான்.

சீலா நேற்று வந்தவள்.

அன்று மனோன்மணி வீட்டுக்கு வந்து அழுதாள். கணவர் செல்வத்துரை மாஸ்டர் வழமைக்கு மாறாகத் தானே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவள் இல்லாமல் அந்தச் சங்கமே இல்லை என்றார். சீலாவின் பெரியப்பா சங்கக் கமிற்றியில் இருப்பதை நினைவூட்டினார்.

"உவையெல்லாம் ஆளைப் பிடிச்சுப் போறவை, மனோ. எங்களுக்கு உது சரிவராது."

பெரியப்பாவின் கதை மனோன்மணியின் மனதில் ஒட்டிக்கொண்டது. அடுத்தடுத்த நாட்களில் இணுவில் நூலகருக்கும் சொன்னாள், சுண்டுக்குளி நூலகருக்கும் சொன்னாள். சீலா கொழும்பால் திரும்பி வருவதற்குள் அது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயமாகிவிட்டது.

சீலா வந்து சங்கக் கூட்டத்தில் படித்ததை விளக்கினாள். ஒரு சின்ன நூலகத்தின் புத்தக விபரம் முழுவதும் இதற்குள் அடங்கும் என்று சொல்லி, ஒரு கறுத்த ஃப்ளொப்பியைக் கைமாற்றிப் பார்க்கக் கொடுத்தாள்.

மனோன்மணி அதைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தாள். கை பரபரத்தது. ஆனாலும் அது தன்னிடம் வந்தபோது, பாராமலே பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டாள். பிறகு எழும்பி, தமிழ்ப் புத்தகத் தலைப்புகளை அதில் எப்படி அகரவரிசைப்படுத்துவது என்று கேட்டாள்.

சீலா யோசித்தாள். "அது எனக்குத் தெரியேல்லை, அக்கா. நீங்கள் போயிருந்தால் கேட்டுக்கொண்டு வந்திருப்பியள்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சீலா குத்திக் காட்டுகிறாள் என்றே மனோன்மணி எடுத்துக்கொண்டாள். அன்று இரவு மாஸ்டரிடம் அதைச் சொல்லிக் கொதித்தாள். மாஸ்டரும் கூடச் சேர்ந்து சீலாவைத் திட்டினார்.

அடுத்த கூட்டத்துக்கு மனோன்மணி ஆயத்தமாகத்தான் போனாள். செயலாளர் அடைக்கலநாதன் பேசி முடிக்கவும் எழுந்து நின்றாள்.

"ஒரு கேள்வி, அண்ணை. இத்தினை பேர் இருக்க, எந்த ஒழுங்கிலை சீலாவை அனுப்பினனீங்கள்? பெரியப்பா கமிற்றியிலை இருந்தால் போதுமோ?"

சீலாவின் பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். அடைக்கலநாதன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் சீலா எழும்பிவிட்டாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"வேண்டாம், அண்ணை. பெரியப்பாவாலைதான் போனனான் எண்டே இருக்கட்டும். அடுத்த பயிற்சிக்கு மனோன்மணி அக்காவை அனுப்புங்கோ."

பின்வரிசையில் யாரோ, ஒப்புக்கொண்டுவிட்டாள் பார் என்று முணுமுணுத்தார்கள். சீலாவின் காதிலும் அது விழுந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மனோன்மணிக்கு மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதுபோல் இருந்தது. கூட்டம் முடிந்ததும் விறுவிறுவென்று வாசலுக்கு வந்தாள். மாஸ்டர் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். பின்னால் ஏறி உட்கார்ந்தபடியே, சீலா எல்லோருக்கும் முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று சொன்னாள்.

"நான் அப்பவே சொன்னனான்தானே," என்றார் மாஸ்டர்.

அடைக்கலநாதன் படியிறங்கி அவர்களிடம் வந்தார். மாஸ்டர் அவசரமாக மோட்டார் சைக்கிளை உதைத்தார். எஞ்சின் பிடிக்கவில்லை.

செயலாளர் ஹாண்டிலில் கையை வைத்தார்.

"மாஸ்டர், நாங்கள் முதல் எழுதினது உங்கடை மனுசியின்ரை பேரைத்தான். சமையலுக்கு ஆளில்லை எண்டு வந்து அதை வெட்டச் சொன்னது நீங்கள் எண்டதை இண்டைக்காவது இவவுக்குச் சொல்லிவிடுங்கோ. குடும்பத்துக்குள்ளை சண்டை வரக்கூடாதெண்டு சீலாப் பிள்ளைதான் இவ்வளவு நாளும் எங்கடை வாயைக் கட்டி வைச்சிருந்தவ."